சோலைமலை, தகப்பன் பேர் அழகுமலை

அந்த ஜன்னல் கம்பியில கைய வைக்காதீங்க தம்பி. எவனோ வெத்தலை எச்சியைத் துப்பி வச்சிருக்கான் பாருங்க, இன்னும் காயக்கூட இல்லை. கருமம். இப்படி எம்பக்கம் சாஞ்சு உக்காருங்க. பையைக் குடுங்க, நான் மடியில வச்சுக்கிறேன். டவுன் வரைக்குமா? நானும் அங்கதான். கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போறேன்.

என்ன வேலையா இருக்கீங்க? கம்பெனியா? அப்ப உங்களுக்கும் போலீஸ்ல விசாரிச்சிருப்பாய்ங்களே, ஆளு நல்லவனா கெட்டவனான்னு. ஒரு பிரச்சனையும் இல்லாம வந்துருச்சா? குடுத்து வச்சவரு நீங்க. எனக்கு வந்ததைச் சொன்னா உங்களுக்குக் குமட்டும். எனக்கு அந்த ஆபீஸ் மாடிப்படியை நெனச்சாலே சோறு எறங்க மாட்டேங்குது.

என் பேரு சோலைமலை. மிலிட்டரி. ஹவில்தாரா வெளிய வந்தேன். பாலைவனம், பனிமலை, எல்லாம் பாத்தாச்சு. சர்வீஸ் பூராவும் துப்பாக்கியைப் பக்கத்துல போட்டுத்தான் தூங்கினேன். ஒரு நாளு, ஒரு ரவுண்டு தோட்டா கணக்குத் தப்பினதில்லை. ரிட்டயர் ஆகி வந்ததும் ஒரு பேங்க்ல வாசல்ல நிக்கிற வேலை வந்துச்சு. யூனிபார்ம் போட்டு, துப்பாக்கியோட. ஆனா துப்பாக்கி நம்ம சொந்தத் துப்பாக்கியா இருக்கணும், லைசென்ஸ் நம்ம பேருல இருக்கணும். அப்படித்தான் எல்லா எக்ஸ் சர்வீஸ்மேனும் சேருறாங்க. எனக்கு வீட்டுல சும்மா உக்காந்திருக்க முடியாது தம்பி. உக்காந்தா எல்லாம் தப்பாத்தான் கண்ணுல படும். தட்டு எடுத்த இடத்துல இருக்காது, துண்டு ஈரமா கெடக்கும். மனுசனுக்கு ஒரு வேலை வேணும்.

துப்பாக்கிக் கடைக்குப் போனேன். டபுள் பேரல் ஒண்ணு கையில எடுத்தேன். எடை, பிடி, எல்லாம் எனக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு. கடைக்காரர் அதுல என் பேரை எழுதிக் கட்டி உள்ள வச்சுட்டாரு. லைசென்ஸைக் கொண்டாங்க, எடுத்துட்டுப் போங்கன்னாரு. நல்ல மனுசன். இந்தக் கதையில நல்ல மனுசன்னு சொன்னா அவரு ஒருத்தரைத்தான் சொல்லணும்.

கலெக்டர் ஆபீஸ்ல மனுப் போட்டேன். அது சுத்தி எங்க ஸ்டேஷனுக்கு வந்துச்சு. ரொம்ப நாளு கழிச்சுக் கூப்பிட்டாய்ங்க. போனா, ரைட்டரு வடை தின்னுக்கிட்டு இருக்காரு. தின்ன கையோடயே என் டிஸ்சார்ஜ் புக்கை வாங்கிப் புரட்டுறாரு. மழையிலயும் பனியிலயும் ஒரு கறை படாம வச்சிருந்தது தம்பி அது. மொதப் பக்கத்துல, என் போட்டோ மேல, அந்தாளு கட்டைவிரலு எண்ணெய். நான் பாத்துக்கிட்டே நின்னேன்.

"உங்களுக்கு லைசென்ஸ் கெடைக்காதுங்க. உங்க மேல கேஸ் இருக்கு"ங்கிறாரு.

"என்ன கேஸு?"

கம்ப்யூட்டரைப் பாத்துச் சத்தமா வாசிக்கிறாரு. சோலைமலை, தகப்பன் பேர் அழகுமலை, மனைவியை அடித்துக் கொடுமைப்படுத்தியது. அங்கிட்டு ஆடு காணாமப் போச்சுன்னு புகார் குடுக்க ஒரு கூட்டம் வந்து உக்காந்திருக்கு. பூராப் பேரும் என்னைத் திரும்பிப் பாக்குறாங்க. ஒரு பொம்பளை புள்ளையை இழுத்துப் பக்கத்துல வச்சுக்கிட்டா. எனக்கு எப்படி இருக்கும்? நாட்டுக்காகக் காவல் காத்தவனை, பொண்டாட்டியை அடிச்சுட்டு ஜெயிலுக்குப் போற பயலுகளோட சேத்துட்டாய்ங்க.

எங்க பக்கம் அழகரை விட்டா வேற சாமி இல்லை. பாதிப்பேரு அழகு, மீதிப்பேரு சோலை. சோலைமலைன்னு கூப்பிட்டா சந்தையில பத்துப் பேரு திரும்புவான். அதுல ஒருத்தனோட அப்பனுக்கும் அழகுமலைன்னு பேரு இருக்கக்கூடாதா? வயசைப் பாரு, ஊரைப் பாருன்னேன். கம்ப்யூட்டர்ல வயசு இல்லையாம். ஊரு இருக்கிற இடத்துல தாலுகா பேரு மட்டும் இருக்காம். எவனோ அவசரத்துல ஏத்திட்டுப் போயிருக்கான்.

"அதைத் திருத்துங்க"ன்னேன்.

"இங்க திருத்த முடியாது, மேல ஆபீஸ்ல கேளுங்க."

மேல ஆபீஸ்ல, "ஸ்டேஷன்ல இருந்து எழுதிக் குடுத்தாத்தான் நாங்க கை வைக்க முடியும்."

மறுபடி ஸ்டேஷனுக்கு. "கோர்ட்ல போயி, அந்த ஆளு நீங்க இல்லைன்னு வாங்கிட்டு வாங்க."

கோர்ட்டுல இருந்த குமாஸ்தா மூக்கை நோண்டிக்கிட்டே சொல்றான். "கேஸ் இருக்கு, பேரு இருக்கு. அது நீங்க இல்லைன்னு நாங்க எப்படிச் சொல்றது? நீங்கதான் நிரூபிக்கணும்." நான் நான் இல்லைன்னு எப்படித் தம்பி நிரூபிக்கிறது? அந்தக் கையாலயே பேனாவை என்கிட்ட நீட்டுறான், கையெழுத்துப் போடுங்கன்னு. நான் என் பேனாவை எடுத்துப் போட்டேன்.

கலெக்டர் ஆபீஸ் மாடிப்படியைச் சொன்னேன்ல? ஒவ்வொரு மூலையிலயும் சாமி படம் ஒட்டி வச்சிருக்காய்ங்க, யாரும் துப்பக்கூடாதுன்னு. சாமி மூஞ்சியிலயே துப்பியிருக்காய்ங்க. கக்கூஸ் கதவு சாத்தாது. அதுக்குப் பக்கத்துல பெஞ்சு, மனுக் குடுக்க வந்தவுக உக்கார. என் பட்டாளத்துல இப்படி ஒரு இடம் இருந்திருந்தா நான் அத்தனை பேரையும் முழங்கால்ல ஓட விட்டிருப்பேன்.

ரெஜிமெண்டுக்கு எழுதிப் போட்டேன். பதில் வந்துச்சு. அந்தக் கேஸ் நடந்த வருசம் நான் ராஜஸ்தான்ல பார்டர்ல இருக்கேன்னு சீல் போட்டு அனுப்புனாங்க. அதைக் கொண்டுபோய் ரைட்டர் மேசையில வச்சேன். படிச்சுப் பாத்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா?

"லீவுல வந்து அடிச்சிருக்கலாம்ல?"

லீவுல வர்றவன் அடிக்கத்தான் வருவானா? லீவே ஒரு மாசம். வருசம் பூரா ரொட்டியைத் தின்னுட்டு வர்றவனுக்கு நேரத்துக்குச் சோறு வேணுமா வேணாமா? அதைச் சொல்றதுக்குப் பேரு கொடுமையா? அதை அந்தாளுகிட்டச் சொல்லலை. உங்ககிட்டச் சொல்றேன்.

சரி, இவய்ங்களை நம்பிப் புண்ணியமில்லைன்னு நானே அவனைத் தேடிப் போனேன். அந்த இன்னொரு சோலைமலையை. அங்க இங்க விசாரிச்சு, பக்கத்து ஊரு முக்குரோட்டு டீக்கடையில மாஸ்டரா இருக்கான்னு கண்டுபிடிச்சேன். நான் மனசுல நெனச்சது, மீசையும் கையுமா ஒரு தடியன் இருப்பான்னு. பாத்தா, இருமுனா விழுந்துருவான் போல. எலும்பா இருக்கான். லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு டீ ஆத்திக்கிட்டு இருக்கான்.

"நீதான் சோலைமலையா?"

"ஆமாண்ணே."

"அப்பன் பேரு அழகுமலையா?"

"ஆமாண்ணே. செத்துட்டாரு."

"பொண்டாட்டியை அடிச்சியா?"

கடையில நாலஞ்சு பேரு இருக்காங்க. அவன் டம்ளரைக் கீழ வச்சான். என்னை நேராப் பாத்தான். "அடிச்சேன்ணே"ன்னான்.

வெக்கமே இல்லை தம்பி. ஒரு சமாளிப்பு இல்லை, ஒரு மழுப்பல் இல்லை. "குடிச்சுட்டு அடிச்சேன். காது கேக்காமப் போச்சு அவளுக்கு, ஒரு பக்கம். கோர்ட்ல கேட்டாக, ஆமான்னேன். உள்ள இருந்துட்டு வந்தேன். இப்ப குடிக்கிறதில்லை. ஞாயித்துக்கிழமை புள்ளையைப் பாக்க விடுறா. வாசல்ல உக்காந்து பாத்துட்டு வந்துருவேன், உள்ள போறதில்லை. அவ பயப்படுவா." இதையெல்லாம் பொது இடத்துல சொல்றான். கேக்க எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு. அவன் குடுத்த டீயை நான் குடிக்கலை. அந்தக் கையால ஆத்துன டீ.

விசயத்தைச் சொன்னேன். உன்னால என் பொழைப்பு நிக்குது, நீ வந்து ஸ்டேஷன்ல நில்லுன்னேன். மறுபேச்சு இல்லாமக் கடையை இன்னொருத்தன்கிட்ட விட்டுட்டுச் சட்டையை மாட்டிக்கிட்டு வந்தான். பஸ்ல வரும்போது மெதுவாக் கேக்குறான். "நீங்கண்ணே?"

"நான் என்ன?"

"அண்ணியை..."

"டேய், நான் மிலிட்டரி"ன்னேன். தலையை ஆட்டிக்கிட்டான். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை. புரிஞ்சிருக்கும்.

ஸ்டேஷனுக்குப் போனா அன்னைக்குப் புதுசா ஒரு எஸ்.ஐ. அம்மா. ஜெபசீலின்னு பேரு. எங்க பொண்ணைவிட நாலஞ்சு வயசு மூத்ததா இருக்கும். எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சுப் பாத்துச்சு. ரெண்டு பேரு ஆதார் கார்டையும் வாங்குச்சு. அவன்கிட்டக் கேட்டுச்சு, "உங்க கேஸ்தானா?" "எங்கேஸ்தாம்மா." அம்புட்டுத்தான். ரைட்டரைக் கூப்பிட்டு அங்கேயே எழுத வச்சு, மேல ஆபீஸுக்குப் போனும் போட்டுப் பேசுச்சு. இத்தனை மாசமா நான் செருப்புத் தேய அலைஞ்சதை, அந்தப் புள்ளை டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுருச்சு. நல்ல புள்ளைன்னு நெனச்சேன். அன்னைக்கு அப்படி நெனச்சேன்.

கொஞ்ச நாள்ல பேப்பர் வந்துச்சு. மேற்படி நபர் மீது குற்ற வழக்கு எதுவும் இல்லை. ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் பண்ணி, ஊருல அன்னைக்கு என்னை ஒரு மாதிரி பாத்த அத்தனை பேருக்கும் காட்டினேன். யூனிபார்முக்குப் பெல்ட் எடுத்துப் பாலிஷ் போட ஆரம்பிச்சுட்டேன்.

அப்பத்தான் அந்த எஸ்.ஐ. அம்மா வீட்டுக்கு வந்துச்சு. லைசென்ஸுன்னா வீட்டுலயும் விசாரிக்கணுமாம். வரட்டும். வீடு மிலிட்டரி மாதிரி இருக்கும் தம்பி, சுத்தம்னா சுத்தம். செருப்பு ஒரே வரிசையில இருக்கும். பாத்திரம் உயரத்துக்கு ஏத்த மாதிரி அடுக்கியிருக்கும். என் வீட்டுக்காரி பஞ்சவர்ணத்தை அப்படிப் பழக்கி வச்சிருக்கேன். வந்த அம்மா எல்லாத்தையும் பாத்துச்சு.

"பொண்ணு எங்க?"

"ஹாஸ்டல்ல படிக்குது."

"லீவுக்கு வருமா?"

"வராது. படிப்புல அம்புட்டு ஆசை. தீபாவளிக்குக் கூட வரலை"ன்னு பெருமையாத்தான் சொன்னேன்.

அது பஞ்சவர்ணத்தோட கையைப் பாத்துச்சு. எடது கையில ஒரு விரலு கொஞ்சம் வளைஞ்சு நிக்கும். "இது என்னம்மா?"ன்னு கேட்டுச்சு. நான்தான் சொன்னேன், கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னு. உண்மைதானே? நான் கதவைச் சாத்தும்போது அவ கையை அங்க வச்சிருந்தா, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, நான் அவங்ககிட்டத் தனியாப் பேசணும்"னுச்சு. என் வீட்டுல என்னை வெளிய போகச் சொல்லுது. போனேன். அடுப்படி ஜன்னலுக்கு வெளிய நின்னேன். ஒட்டுக் கேக்கலை, என் வீட்டு ஜன்னல் அது.

எஸ்.ஐ. அம்மா மொதல்ல அந்தக் கேஸ் கதையைச் சொல்லுச்சு. பேரு மாறிப் போச்சு, இப்ப சரி பண்ணியாச்சுன்னு. அதுக்கு இவ சொல்றா, "ஆமாம்மா. அந்தக் கேஸ் குடுத்தது நான் இல்லை."

சரியாத்தானே சொன்னா? ஆனா அந்த எஸ்.ஐ. எழுதிக்கிட்டிருந்த நோட்டை மூடி வச்சுச்சு. அப்பறம் மெதுவாக் கேக்குது. "நீங்க குடுக்கலை, சரி. குடுக்கணும்னு என்னைக்காவது நெனச்சிருக்கீங்களா?"

இவ அடுப்புப் பக்கம் திரும்பிக் கரண்டியைப் போட்டுக் கிண்டுறா. 

"வீட்டுக்குள்ள துப்பாக்கி வந்தா உங்களுக்குப் பரவாயில்லையா?"

அப்ப சொன்னா தம்பி. கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல எதுத்து ஒரு வார்த்தை பேசாதவ. "நான் படுக்கப் போகும்போது அருவாமனையை எடுத்து ஒளிச்சு வச்சுட்டுத்தாம்மா படுக்கிறேன். துப்பாக்கியை எங்க ஒளிக்கிறது?"

எனக்கு அப்பத்தான் தெரியும், அந்த அருவாமனை ஏன் காலையில எடுத்த இடத்துல இருக்கிறதில்லைன்னு. அதுக்காக எத்தனை நாளு சத்தம் போட்டிருக்கேன், ஒரு சாமானை ஒரே இடத்துல வைக்கத் தெரியாதான்னு. வாயைத் திறந்து காரணத்தைச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சொல்ல மாட்டா. எங்க இருந்தோ ஒரு போலீஸ்காரி வரணும், அவகிட்டச் சொல்லணும். த்தூ. நெனச்சாலே கசக்குது.

அன்னைக்குச் சாயந்தரம் நான் அவளை ஒண்ணும் பண்ணலை. அழகர் மேல சத்தியம். கேள்விதான் கேட்டேன். என் கையில பெல்ட் இருந்துச்சு, இல்லைங்கலை. அது பாலிஷ் போட எடுத்தது. கையில இருந்தா தப்பா? அவ சொவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிறா, நான் என்னமோ பண்ணப் போற மாதிரி. அப்படி நின்னா எந்த மனுசனுக்கும் கோவம் வருமா வராதா? இருந்தும் ஒண்ணும் பண்ணலை. விடிஞ்சு பாத்தா ஆளைக் காணோம். ரெண்டு சேலையும், பொண்ணோட சின்ன வயசுப் போட்டோவும் மட்டும் காணோம். கம்பத்துல அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. பஸ் ஏத்திவிட்டது அந்த எஸ்.ஐ.ன்னு அப்பறம் தெரிஞ்சுச்சு. போன் நம்பர் குடுத்துட்டுப் போயிருக்கு. காக்கிச்சட்டையைப் போட்டுக்கிட்டுக் குடும்பத்தைப் பிரிக்கிற வேலை.

பத்து நாள்ல உத்தரவு வந்துச்சு. குற்ற வழக்கு இல்லை. ஆனால் குடும்பத்தினர் ஆட்சேபணை தெரிவித்துள்ளதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. பேங்க் வேலையை வேற ஒருத்தனுக்குக் குடுத்துட்டாய்ங்க. ஒரு நகைக்கடைக்காரர் மட்டும், நீ லைசென்ஸோட வா, உனக்கு எடம் வச்சிருக்கேன்னு சொல்லியிருக்காரு. அப்பீல் போடலாமாம். மறுபடி அந்த மாடிப்படி.

தனியா இருக்கேன் தம்பி. ஓட்டல் சாப்பாடு. அந்தச் சாம்பாரைப் பாத்திருக்கீங்களா? நேத்து ஈ கெடந்துச்சு. எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிடுங்கங்கிறான். வீட்டுல தூசி. அடுக்கி வச்ச பாத்திரம் அப்படியே இருக்கு, எடுக்க ஆளில்லை. கலைக்கிறதுக்கும் ஆளில்லை.

அதான் நேத்துக் கெளம்பிக் கம்பத்துக்குப் போனேன். வக்கீல்கிட்ட ஒரு பேப்பர் எழுதி வாங்கிட்டுப் போனேன். என் கணவருக்குத் துப்பாக்கி உரிமம் வழங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவ ஒரு கையெழுத்துப் போடணும், அம்புட்டுத்தான்.

அவ அண்ணன் குத்தகைக்கு எடுத்த திராட்சைத் தோட்டம். பந்தலுக்கு அடியில நாலு பொம்பளைகளோட உக்காந்து அழுகுன பழத்தைப் பொறுக்கிப் போட்டுக்கிட்டு இருக்கா. சிரிக்கிறா. நான் தூரத்துல இருந்து பாக்குறேன், யாரோன்னு நெனச்சேன். பல்லு தெரியச் சிரிக்கிறா. என்கூட இருந்து ஒரு நாளு அப்படிச் சிரிச்சிருப்பாளா? என்னைப் பாத்ததும் நின்னுபோச்சு. அவ அண்ணன் கொலை வெட்டுற கத்திரியோட பக்கத்துல வந்து நின்னான். வாங்க மாப்பிள்ளைன்னு ஒரு வார்த்தை இல்லை.

"வீட்டுக்குப் போகலாம், கெளம்பு"ன்னேன்.

"எதுக்கு வந்தீங்க, அதைச் சொல்லுங்க"ங்கிறா. எவ்வளவு திமிரு பாருங்க.

பேப்பரைக் குடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படிச்சா. கிழிச்சுருவான்னு நெனச்சேன். கிழிக்கலை. அண்ணன்கிட்டப் பேனாவைக் கேட்டா.

அவன், "போடாத பஞ்சு"ன்னான்.

"இல்லண்ணே. போடுறேன். ஆனா இதுல ரெண்டு வரி சேக்கணும்"னு சொல்லி, திராட்சைப் பொட்டியைக் கவுத்துப் போட்டு அதுமேல வச்சு அவளே எழுதினா. மெதுவாத்தான் எழுதுவா. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். எழுதிக் கையெழுத்துப் போட்டு என் கையில குடுக்கலை. பொட்டி மேலயே வச்சுட்டு, எழுந்திரிச்சுத் தள்ளிப் போயி நின்னுக்கிட்டா. நானே எடுத்துக்கிட்டேன். ஒரு வாய் தண்ணி குடுக்கலை.

மொதல்ல எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அப்பறம் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து நிதானமாப் படிச்சேன். படிச்சா, வக்கீல் எழுதுனதைவிட இது வலுவா இருக்கு. புத்தி கெட்டவ, அவளுக்கே தெரியாம எனக்கு நல்லது பண்ணிட்டா. ஓரத்துல திராட்சைச் சாறு பட்டுருச்சு, பரவாயில்லை. இந்தாங்க, நீங்க படிச்சவரு, பாருங்க. கையை மட்டும் தொடைச்சுக்கங்க, அந்தக் கம்பியைத் தொட்டிருப்பீங்க.

பாத்தீங்களா? எனக்கு ஆட்சேபணை இல்லை. அதுக்குக் கீழ அவ எழுத்து. நான் இப்போது அந்த வீட்டில் இல்லை, இனியும் இருக்க மாட்டேன். என் மகளும் அங்கே வர மாட்டாள்.

போலீஸ்ல கேஸ் இல்லை. ஆட்சேபணை இல்லை. பயப்படுறதுக்கு வீட்டுல ஆளே இல்லை. இனி எதைச் சொல்லித் தம்பி எனக்குத் துப்பாக்கி குடுக்க மாட்டேம்பாய்ங்க?